3000 ஹெர்ட்ஸும் பெரியம்மாவின் ஐந்து கட்டையும்

பரணைச் சுத்தம் செய்தபோது பிஸ்கட் டப்பா ஒன்றில் பதினொரு கேசட் கிடைத்தது. பத்தும் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த சினிமாப் பாட்டு. பதினொன்றாவதில் அம்மாவின் கையெழுத்தில் ‘அக்கா, மன்னார்குடி, மே 87’ என்று இருந்தது. பெரியம்மா தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். மேடை ஏறியதில்லை, ரேடியோவில் பாடியதில்லை. 1994-ல் இறந்துபோனார். அவர் குரல் மிச்சமிருப்பது அந்த 60 நிமிடக் கேசட்டில் மட்டும்தான்.

போட்டுக் கேட்க ஓடுகிற டெக் வீட்டில் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஸ்டீரியோ டெக் ஒன்று அலமாரியில் கிடந்தது, பத்து வருடமாகத் தொடாமல். பவர் போட்டால் விளக்கு எரிந்தது. ப்ளே அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் வந்தது, ரீல் அசையவில்லை. பெல்ட்தான் என்று மூடியைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தால் பெல்ட் அறுந்திருக்கவில்லை, உருகியிருந்தது. சில பழைய ரப்பர் அப்படித்தான். காய்ந்து உதிராது, தாராகிவிடும். நாடாவைச் சீராக இழுக்கும் கேப்ஸ்டன் சக்கரத்தின் விளிம்பு, மோட்டார் புல்லி, இடையிலுள்ள தகடு எல்லாம் கறுப்புப் பிசுக்கு. இதை ஒட்டுமொத்தமாக எடுக்காமல் புது பெல்ட் மாட்டினால், மிச்சமிருக்கும் பிசுக்கின் ஒவ்வொரு மேடும் பாட்டில் ஓர் ஆட்டமாகக் கேட்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், முப்பது பட்ஸ், பல்குத்தும் குச்சி, இரண்டரை மணி நேரம். கையுறை போடாமல் உட்காராதீர்கள். விரல் இடுக்கில் ஏறினால் ஒரு வாரம் போகாது.

பெல்ட் அளவுக்கு நூல்தான் வழி. புல்லியையும் சக்கரத்தையும் சேர்த்து நூலைச் சுற்றி, நீளத்தை அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்துக்கொண்டேன். நூலோடு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கம்பியில் கொத்தாக பெல்ட் தொங்கவிட்டிருந்த கடைக்காரர், நான் குறித்து வைத்திருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. நூலை வாங்கி இரண்டு விரலில் மாட்டி விரித்துப் பார்த்துவிட்டு, கேப்ஸ்டனுக்குத் தட்டை பெல்ட் ஒன்றும் ரீலுக்குச் சதுர பெல்ட் ஒன்றும் உருவிக் கொடுத்தார். “இதுக்கு மேல இறுக்கமா போடாதீங்க சார், மோட்டார் புஷ் தேஞ்சிடும்” என்றார். இரண்டும் சரியாகப் பொருந்தின.

நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாகியிருந்ததால் அதையும் மாற்றினேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், அதில் ஏறிய காந்தத்தை நீக்க டீமேக்னடைசர் காட்டினேன். பிறகு ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரிடம் 3000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப் இரவல் வாங்கிவந்து ஓட்டினேன். டெக் சரியான வேகத்தில் ஓடினால் அதன் ஒலி 3000 ஹெர்ட்ஸில் நிற்கும். 3041 காட்டியது. மோட்டாரின் முதுகில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும், அதற்குள்தான் வேகம் திருத்தும் ஸ்க்ரூ. பிளாஸ்டிக் முனையுள்ள திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 3002-ல் நிறுத்தினேன். டெக் தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது கேசட். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஹெட்டுக்கு நேரே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை பசை விட்டு உதிர்ந்து கூட்டுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. கூடு ஒட்டி மூடிய வகை, ஸ்க்ரூ கிடையாது. பிளேடு முனையைப் பொருத்துவாயில் வைத்துச் சுற்றிலும் கீறிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ‘டக்’ என்று விடும். அந்த ஒரு சத்தத்துக்கு முன்னால் என் கை நடுங்கியது உண்மை. ஐந்து ஸ்க்ரூ போட்ட காலிக் கேசட் ஒன்றைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். இரண்டு நாடாச் சுருளையும் கலையாமல் விரலால் அணைத்தபடி தூக்கிப் புதுக் கூட்டில் இறக்கி, நாடாவை மூலை உருளைகள் இரண்டின் வெளிப்புறமாகவும் பஞ்சுப் பட்டைக்கு முன்னாலும் கொண்டுவந்து மூடினேன். பென்சில் விட்டு இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். தடையில்லை. பூஞ்சையை, கையால் மெதுவாகச் சுற்றியபடி, உலர்ந்த மென்துணியில் எடுத்தேன். முகமூடி போட்டுக்கொண்டுதான்.

ப்ளே அழுத்தினேன். பெரியம்மா பாடினார், கம்பளிக்கு அடியிலிருந்து பாடுகிற மாதிரி.

இந்த இடத்தில்தான் பதினைந்து வருட ஆடியோ ஈடுபாடு கைகொடுத்தது. கேட்டவுடன் இது தேய்ந்த நாடா இல்லை, அசிமத் பிசகு, அதாவது ஹெட்டின் சாய்வு பிசகியிருக்கிறது என்று தெரிந்தது. மேல் அதிர்வெண்கள் வெறுமனே குறைந்திருக்கவில்லை, வந்து வந்து மறைந்தன. 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த இந்தச் சின்னக் கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ.தான் ஓடும். அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவின் மேல் 4.76 மைக்ரான் நீளத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரியம்மாவைப் பதிந்தது ஒரு மோனோ டேப் ரெக்கார்டர், அதன் தடம் 1.5 மி.மீ. அகலம். பதிந்த ஹெட்டுக்கும் இப்போது படிக்கிற ஹெட்டுக்கும் சாய்வில் அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும், தடத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 13 மைக்ரான் முன்பின்னாகிவிடும். அந்த நுண்ணிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூதான் சாய்வை மாற்றும். இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காந்தம் ஏறாத திருப்புளியால் மெல்லத் திருப்பினேன். கால் சுற்றில் இன்னும் மந்தமானது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். முதலில் பெரியம்மாவின் ‘ச’ திறந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் சுருதிப்பெட்டிக்குள் காற்று போய்வரும் மூச்சு கேட்டது. அதற்கும் மேலே ஒரு பொட்டு நகர்த்தினேன். கண்ணாடி வளையல் சத்தம். தொடையில் தாளம் போடுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் வளையல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கையைத் திருப்பிப் போடும் வீச்சுக்கு ஓசை வரவில்லை, தட்டுக்கு மட்டும் வருகிறது. முப்பத்தேழு வருடம் கழித்து அவர் கை அசைவதைக் காதால் பார்த்தேன். பழகிய காது இல்லாதவர் இந்த ஸ்க்ரூவைத் தொட்டே இருக்கமாட்டார், நாடா பழசு என்று விட்டிருப்பார். இதை நான் திடமாகச் சொல்வேன்.

அன்றிரவு ஏ பக்கம் முழுவதையும் கணினியில் ஏற்றினேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், சிடியைவிட உயர்ந்த தரம். ஏற்றியதும் வேகத்தை இன்னொரு முறை சரிபார்க்க ஒரு வழி தோன்றியது. ரெக்கார்டர் கரண்ட்டில் ஓடியிருப்பதால் பாட்டுக்கு அடியில் லேசாக ஓர் இரைச்சல் பதிந்திருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரைத் தாண்டி வந்தால் 100-ல் இரையும். எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படம் எடுத்துப் பார்த்தேன்: இரைச்சலின் முனை 100.1-ல். நாடாவை நிறுத்தினால் அந்த முனை காணாமல் போனது. ஆகவே அது என் டெக்கின் இரைச்சல் இல்லை, நாடாவில் உள்ளது. டெஸ்ட் டேப்பும் சரி என்கிறது, 1987-ன் மின்சாரமும் சரி என்கிறது. இதைவிட ஒரு சான்று வேண்டுமா என்று நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டேன். அம்மாவுக்கு 71 வயது. நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் அவருக்குக் கேட்கவே இல்லை. சகானா ஆலாபனை இரண்டு நிமிடம் ஓடியது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அக்கா குரல் இல்லடா.”

“அம்மா, அவங்கதான். நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க.”

“அக்காதான் பாடுறா, தெரியுது. குரல் அவளோடது இல்ல. யாரோ சின்னப் பொண்ணு பாடுற மாதிரி இருக்கு.”

3002, 100.1 எல்லாம் சொன்னேன். திரையில் முனையைக் காட்டினேன். “நீ அளந்தது இருக்கட்டும். அவ சுருதிப் பெட்டி உள்ளதான் இருக்கு, எடுத்துட்டு வா. அன்னைக்கு நான்தான் பெட்டி போட்டேன்” என்றார்.

பெரியம்மாவின் பெட்டி, அவர் பாடும் ஐந்து கட்டை சுருதிக்கென்று வாங்கியது, வேறு சுருதி அதில் வராது. அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து புடவை அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. துருத்தித் துணி மடிப்பில் இரண்டு இடத்தில் இற்றுப்போய்க் காற்று போனது. மெல்லிய ரெக்சினைத் துண்டு வெட்டி ஃபெவிகாலில் ஒட்டி, காயும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ரீடுகள் பித்தளை, பச்சை பிடித்திருந்தாலும் மூன்றும் பேசின. கீழ் ஷட்ஜத்தைப் போனில் அளந்தேன், 196 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. ஐந்து கட்டையேதான்.

ஸ்பீக்கரில் கேசட்டை ஓடவிட்டேன். நாடாவுக்குள் 1987-ல் அம்மா பெட்டி போடுகிறார், வெளியே இப்போதும் அதே பெட்டியை அவரே போடுகிறார். ஒரே பெட்டி, ஒரே ரீடு. ஆனால் இரண்டும் சேரவில்லை. கீழ் ஷட்ஜத்தில் விநாடிக்கு ஆறு முறை அலை அடித்தது, வாய் முன்னால் விசிறியை வைத்துப் பேசுகிற மாதிரி. இரண்டு ஒலிக்கும் எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசமோ, விநாடிக்கு அத்தனை அலை. 196-க்கு 6 என்றால் 3 சதவீதம். கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி மேலே நிற்கிறது பாட்டு. பெரியம்மாவின் குரலும் அந்த அளவுக்கு மெலிந்து, வயதில் இறங்கியிருக்கிறது. நான் இரண்டு இரவு கேட்டும் எனக்குத் தட்டவில்லை. அம்மாவுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

டெக்கை மறுபடி திறந்தேன். மூடி இல்லாமல் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போகாதபடி அட்டை வைத்து மறைத்துக்கொண்டேன். திருப்புளி மோட்டார் ஓட்டைக்குள். அம்மா துருத்தியை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தார். திருப்பத் திருப்ப அலை மெதுவானது. ஆறு, நான்கு, இரண்டு. பிறகு ஒரு நீண்ட ஊஞ்சல் மாதிரி விநாடிக்கு ஒன்று. அதுவும் நின்றபோது அறையில் இரண்டு பெட்டி இருப்பதே தெரியவில்லை. “ம், இப்பதான் அக்கா” என்றார் அம்மா. துருத்தியில் வைத்த கை நிற்கவில்லை.

டெஸ்ட் டேப்பைப் போட்டுப் பார்த்தால் இப்போது 2912. கேசட்டில் 100.1-ல் இருந்த முனை 97.1-க்கு இறங்கியிருந்தது. அதாவது பதிந்த அன்று மின்சாரம் 50-ல் இல்லை, 48.6-ல் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் நம் தென்னக மின் தொகுப்பில் தேவை ஏறும் நேரத்தில் அதிர்வெண் 48 வரை இறங்குவது சாதாரணம். 2003-க்குப் பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. அன்று பதிந்த ரெக்கார்டர் 3 சதவீதம் மெதுவாக ஓடியது, மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவு தாழ்ந்திருந்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்து எனக்கு ‘சரி’ என்று காட்டிவிட்டன.

ஆடியோஃபைலாக, அதாவது ஒலித் துல்லியத்தில் பித்துள்ளவராக இருப்பது பாட்டை ரசிக்க உதவுமா, கெடுக்குமா என்று நண்பர்களிடையே பேச்சு வரும்போதெல்லாம் நான் உதவும் என்கிற பக்கம். இன்றும் பக்கம் மாறவில்லை, வளையல் சத்தத்தை எனக்குக் கொடுத்தது அந்தப் பழக்கம்தான். ஆனால் சுருதியை ஏன் தவறவிட்டேன் என்று நாலு நாள் யோசித்தேன். கருவியின் குறைகளுக்கெல்லாம் என் காது பெயர் வைத்திருக்கிறது: இரைச்சல், ஆட்டம், மந்தம், கரகரப்பு. அந்தப் பெயர்களில் அடங்குகிற எதையும் உடனே பிடித்துவிடும். சீரான வேகத்தில், சுத்தமாக, 3 சதவீதம் தள்ளி ஓடுகிற நாடாவில் அப்படி ஒரு குறையும் இல்லை. அது தவறு என்று சொல்ல அந்த ஆளின் குரல் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பாட்டைப் பெரியம்மாவோடு ஒப்பிட்டார். நான் டெக்கை டெஸ்ட் டேப்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதை என் மற்ற கேட்புக்கும் பொருத்திப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. டிஜிட்டலை ஒலியாக்கும் டேக் (DAC) மாற்றும்போதும் ஆம்ப்ளிஃபையர் மாற்றும்போதும் நான் போட்டுப் பார்ப்பது ஒரு கச்சேரிப் பதிவின் அதே 40 விநாடி. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாதம் என்கிற கறுப்புப் பூச்சு அதிர்வது தெளிவாக விழும் இடம் அது. அந்த 40 விநாடி எனக்கு மனப்பாடம். அதே கச்சேரியின் ராகம் தானம் பல்லவியை முழுதாக ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. போன வாரம்தான் கேட்டேன், 50 நிமிடம். வலந்தலை எப்படி ஒலித்தது என்று கவனிக்கவில்லை.

டிஜிட்டலாக்கும் வேலையில் மாற்றிக்கொண்டவை இரண்டு. 24/192-ஐ விட்டுவிட்டு, சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் மறுபடி ஏற்றினேன். சாதாரண கேசட்டின் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 50 டெசிபல் சொச்சம்தான் இடம், 16 பிட்டில் 96 இருக்கிறது. சிடி தரம் போதாது என்று நானும் வாதாடியவன்தான். 2007-ல் மேயர், மோரான் என்ற இருவர் உயர்தரப் பதிவுக்கும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மறைத்து வைத்துச் சோதித்து வெளியிட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் சின்ன மைக்கில் பதிந்த பாட்டுக்கு 192 எதற்கு?

இன்னொன்று இரைச்சல் நீக்கம். மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், பின்னணி துடைத்த மாதிரி அமைதியாகிவிட்டது. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ‘ஸ்ஸ்’ போகும்போது துருத்தியின் மூச்சையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. பெரியம்மா மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் காற்றிழுக்கும் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி குழைந்திருந்தது. அதை அழித்துவிட்டு இரைச்சலோடே வைத்துக்கொண்டேன். யாராவது பழைய நாடாவை ஏற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் தொடாத பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பி பக்கம் வேறு கதை. பத்து நிமிடம் போனதும் பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது. அதன்பின் ஒரு ‘டக்’, அப்பாவின் குரல்: “கரண்ட் இல்ல, பேட்டரி போட்டாச்சு, பாடுங்க.” மறுபடி பெட்டி, மறுபடி பாட்டு. இரைச்சலின் முனை திரையில் இல்லை. பேட்டரி போட்ட முதல் சில நிமிடம் சுருதி மாறாமல் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்தது. அன்று பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டர் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சீரான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தான் செய்யும். இப்படிப்பட்ட மோட்டாருக்குள் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் சர்க்யூட் உண்டு. மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அதனாலும் முடியாது.

மென்பொருளில் வளைகோடு வரைந்து திருத்தலாம். முயன்றேன், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறிப்பதற்குள் தலை சுற்றியது. அம்மாதான், “நான் பெட்டி போடுறேன், நீ திருப்பிக்கிட்டே வா” என்றார். அப்படியே செய்தோம். கணினி பதிந்துகொண்டிருக்க, அம்மா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் போட்டார். நான் டெக்கின் முன்னால் மண்டியிட்டு, ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் கதவு வழி வரும் சுருதி, கையில் திருப்புளி. அலை அடிக்கத் தொடங்கும் முன்பே அது வரப்போவது விரலுக்குத் தெரிந்துவிடும், அதற்குள் ஒரு பொட்டு குறைப்பேன். நான்காவது முறை ஓட்டியதில்தான் நன்றாக அமைந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஸ்க்ரூ முட்டிவிட்டது, அதற்குமேல் மோட்டார் மெதுவாகாது. அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கணினியில் திருத்தினேன்.

மோட்டாரின் முதுகில் நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளை 3000-க்கு, மற்ற கேசட்டுகளுக்கெல்லாம். சிவப்பு, பெரியம்மாவின் ஏ பக்கத்துக்கு. ஹெட் ஸ்க்ரூவை மட்டும் லாக்கர் துளி வைத்துப் பூட்டவில்லை, திருப்பும்படியே விட்டிருக்கிறேன். மன்னார்குடி வீட்டில் இன்னும் இரண்டு கேசட் இருப்பதாக மாமா போன் செய்தார். ஒன்றில் பெரியம்மாவிடம் படித்த பிள்ளைகள் பாடுகிறார்களாம், சுருதிப்பெட்டி இல்லாமல். அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பசங்க குரலெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, கொண்டா” என்றார்.